திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அச்சங்களுக்கான சிகிச்சை முறை என்றால் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இன்று நீங்கள் சி.பி.டி. என்று மூன்று எழுத்தில் சுருக்கிச் சொல்லும் சிகிச்சையில், எழுபதுகளில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது பாதிதான். எண்ணங்களைத் திருத்தும் பாதி பிறகுதான் வந்தது. பழக்கத்தைத் திருத்தும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நாங்கள் காலம் தள்ளினோம். ஆகவே முறையை விட்டுவிடுகிறேன். பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கேள்வி. கவலைப்படாதீர்கள், முதல் சம்பளம் வாங்குவதற்குள் அது தானாகவே வந்துவிடும்.

எனக்கு அது சுசீலாவால் வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். படிப்பும் ஒன்று, சம்பளமும் ஒன்று. ஒரே அறையை நடுவில் மரத்தட்டி வைத்துப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்திருந்தார்கள். நோயாளிகள் அவளை வந்த அன்றே 'சுசீலாக்கா' என்றார்கள். என்னைக் கடைசிவரை 'டாக்டரம்மா' என்றார்கள், நான் டாக்டர் இல்லை, உளவியல் படித்தவள்தான் என்று எத்தனை முறை சொன்னபோதும். நோயாளியைப் படுக்கவைத்து, பாதத்திலிருந்து நெற்றிவரை உடம்பைத் தளரவிடச் சொல்லும் பயிற்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் சுசீலா அதைச் சொன்னால், இந்தப் பக்கம் இருக்கும் என் நோயாளி குறட்டை விடுவார். நானே சொன்னால், தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பியது போல விறைத்துக்கொள்வார். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் குணமாகிப் போகும்போது அவளுக்கு உள்ளங்கையில் அடங்கும் யானை ஒன்று செதுக்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த யானை அவள் மேசையில் என்னைப் பார்த்தபடியே நின்றது. அவள் வேண்டுமென்றே அப்படி வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

இந்த நிலையில்தான் கோவளத்திலிருந்து ஹபீபா வந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிய, முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பக்கத்தில் அவள் கணவர் காதர் பாய். கோவளத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அன்று சுசீலாவிடம் கூட்டம் அதிகம் என்பதால் பெரிய டாக்டர் அவளை என்னிடம் அனுப்பினார். அறைக்குள் வந்ததும் ஹபீபா கேட்ட முதல் கேள்வி, "சுசீலாக்கா இல்லீங்களா?"

அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பெண்ணைச் சுசீலாவே வாய்பிளக்கும்படி குணப்படுத்திக் காட்டுவது என்று.

அவளுடைய கதை இது. சில வருடங்களுக்கு முன், கோவளத்தைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் பஸ் பழுதாகி நின்றிருக்கிறது. உச்சி வெயில், நெரிசல், இறங்கி நிற்க ஒரு மரம்கூடக் கிடையாது. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, கை மரத்துப்போய்விட்டது. செத்துவிட்டோம் என்றே நினைத்திருக்கிறாள். அன்றிலிருந்து தனியாகப் பஸ் ஏறியதில்லை. பிறகு கடைத்தெருவுக்குப் போவதும் நின்றது. கணவர் கூட வந்தால் மட்டும் எங்கும் போவாள்.

"பஸ்ல நான் முன்னாடி பொம்பளைங்க சீட்ல குந்திப்பேன். மச்சான் பின்னாடி ஆம்பளைங்க பக்கம் நிப்பாரு. அப்பப்போ திரும்பிப் பாத்துக்குவேன். அவுரு கைய தூக்கிக் காட்டுவாரு. அப்புறந்தான் எனக்கு மூச்சே வரும்," என்றாள் ஹபீபா.

"அவ எப்போ திரும்புவான்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. கரெக்டா கை தூக்குவேன். கண்டக்டருங்களே சிரிப்பானுங்க," என்றார் காதர் பாய், பெருமையாக.

அவளுக்கு அவசரம் இருந்தது. தாயில்லாமல் அவளே தூக்கி வளர்த்த தங்கை மதுராந்தகத்தில், ஏரிக்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை, வீட்டில் வேறு பெண்துணை கிடையாது. தங்கையின் முதல் பிரசவத்துக்கு ஹபீபாவால் போக முடியவில்லை. காதர் பாய் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். குழந்தை தங்கவில்லை. அக்கா வந்திருந்தால் தங்கியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் தங்கை அதற்குப் பிறகு அக்காவுடன் சரியாகப் பேசவில்லை. இப்போது மறுபடி மாசமாக இருந்தாள்.

"இந்த வாட்டி நான் போவணும் டாக்டரம்மா. தனியாப் போயி அவ வாசல்ல நிக்கணும். மச்சான் இட்டுகினு வந்தாருன்னு இருக்கக்கூடாது," என்றாள் ஹபீபா.

வேலையைத் தொடங்கினோம். பயத்தைப் படிகளாகப் பிரித்து, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறித் தானே இறங்கும்வரை ஓடாமல் நிற்பது. அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். காதர் பாயைச் சிகிச்சைக்குத் துணையாளாக நியமித்தேன். பொன்னான மனுஷர், சுசீலாவின் நோயாளிகளில் யாருக்கும் இப்படி ஒரு கணவர் வாய்க்கவில்லை என்று எனக்குள் ஒரு கர்வம். முதல் படி, பஸ் நிற்கும் இடங்களில் மட்டும் திரும்பிப் பார்க்கலாம். அடுத்தது, உப்பளங்களைத் தாண்டிக் கேளம்பாக்கம் வந்த பிறகுதான் திரும்பலாம். அதற்கடுத்தது, திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அதன் பிறகு காதர் பாய் வழியிலேயே இறங்கிவிட வேண்டும்.

ஹபீபா ஏறினாள். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே ஏறினாள். ஒருநாள் நானே கோவளத்துக்குப் போய் அவளோடு முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். உப்பளச் சாலையில் அவள் விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்தன, உதடு வெளுத்தது. ஆனால் திரும்பவில்லை. திருப்போரூர் தாண்டும்போது ஜன்னல் வழியே எதையோ காட்டி, இங்கே இவ்வளவு பெரிய குளம் இருப்பது இத்தனை நாள் தெரியாது என்றாள். எங்கள் பிரிவின் அடுத்த வாராந்தரக் கூட்டத்தில் இந்தக் கதையை நான் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசினேன், கண் மட்டும் சுசீலாவின் முகத்தில் இருந்தது. அவளோ மனதார மகிழ்ந்து கைதட்டினாள். அதுவும் எரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் கோணலாகப் போனது. ஹபீபா வரும் நாளில் காதர் பாய்க்கு இடுப்புவலி வந்தது. பஸ் ஏறும் முன் அவள் கையில் எலுமிச்சம்பழமும் தண்ணீர்ப் பாட்டிலும் திணித்தார், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று. பஸ் கவிழ்ந்த செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் வீட்டில் படித்துக் காட்டினார். ஹபீபா இரண்டு படி சறுக்கினாள். எனக்குப் புரியவில்லை. தங்கைக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஹபீபா வராமல் காதர் பாய் மட்டும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"போதும் டாக்டரம்மா. இனிமே அவ வரமாட்டா."

"ஏன்? நல்லாத்தானே தேறிட்டு வந்தாங்க?"

"நல்லா கீறா. அதான் பேஜாரு." கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "முன்னாடில்லாம் கேளம்பாக்கம் வர்றதுக்குள்ள எத்தினி வாட்டி திரும்புவா தெரியுமா? இப்போ உப்பளம் வருது, போவுது, அவ பாட்டுக்கு ஜன்னல்ல வேடிக்க பாத்துகினு போறா. நான் பின்னாடி மூட்டை மாரி நின்னுகினு கீறேன்."

"அது நான் சொல்லிக்கொடுத்தது பாய்."

"நீங்க பஸ்ல சொல்லிக் குடுத்தீங்க. அவ வூட்லயும் திரும்ப மாட்டேங்கறா." துண்டை முறுக்கினார். "நேத்து கண்ணுக்கு மை வெச்சிகினா. இத்தினி வருசமா வெக்காதவ. யாருக்கு? தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு போறது, நெசமா அங்கதான் போவாளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயத்தால் செத்துப் பிழைத்த பெண் கண்ணுக்கு மை இட்டால் அதற்குக்கூட இந்த ஆளிடம் கணக்குக் காட்ட வேண்டுமா? நாக்கின் நுனிவரை ஒரு நல்ல வசவு வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும், ஹபீபா கோவளத்தை விட்டு வெளியே வந்திருக்க மாட்டாள். கணவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது இன்னொரு வழி. தலையாட்டிவிட்டுப் போய், வீட்டில் தன் வேலையைத் தொடர்ந்திருப்பார். எதைச் செய்வது என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் தட்டிக்கு அந்தப் பக்கம் சுசீலாவின் நோயாளி யாரோ வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வழக்கம்போல எரிந்தது. எதிரில் காதர் பாயின் முகத்தில் இருந்ததும் அதேதான் என்று அப்போது தெரிந்தது. ஹபீபாவின் மேல் சந்தேகம் என்பது வெறும் மேல்பூச்சு. தான் இல்லாமல் அவள் பழகிக்கொண்ட தைரியத்தின் மேல் அவருக்குப் பொறாமை. இத்தனை வருடமாக அவருடைய கை மேலே போனால்தான் ஒருத்திக்கு மூச்சு வந்தது. இப்போது அந்தக் கைக்கு வேலையில்லை.

"பாய், உங்களுக்கு இருக்கறது வயித்தெரிச்சல்," என்றேன்.

விறைத்துக்கொண்டார். "யாரப் பாத்து?"

"உங்க சம்சாரத்தோட தைரியத்தைப் பாத்து. கோவிச்சுக்காதீங்க, எனக்கும் இருக்கு." குரலைத் தாழ்த்தித் தட்டியைக் காட்டினேன். "அந்தப் பக்கம் இருக்கறவங்களைப் பாத்து."

அவர் தட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுசீலாக்காவா? அவங்க நல்லவங்கன்னு சொல்றாங்களே?"

"அதனாலதான் எரியுது."

காதர் பாய் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் அழுதார். "அவளுக்குப் பயம் போயிடிச்சின்னா, அப்புறம் நான் எதுக்கு டாக்டரம்மா?" என்றார்.

அவருக்கும் ஒரு பயம், அதற்கும் படிகள் தேவை என்று விளங்கிவிட்டது. ஆனால் அந்தப் படிகளை நான் ஏற்றிவிட முடியாது. அவர் மனைவியிடம் திரும்பிப் பார்க்காதே என்று சொன்னவளே நான்தான். நான் என்ன சொன்னாலும் அது அவருக்கு எதிர்க்கட்சிப் பேச்சு. அந்த ஆஸ்பத்திரியில் அவரை ஏற்றிவிடக்கூடிய ஒரே ஆள் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பெரிய டாக்டரிடம் சொல்லாமல், கணவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள், அப்படி எழுதி மூடிய கோப்புகள் அலமாரி நிறைய இருந்தன. அன்று மதியச் சாப்பாட்டை நான் சாப்பிடவே இல்லை. நான் ஜெயித்துக் காட்ட வைத்திருந்த ஒரே கேஸ், அதில் பாதியைத் தூக்கி அவளிடமே கொடுக்க வேண்டும். பிறகு தட்டியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொன்னேன். சுசீலா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "வரச் சொல்லுடி, பாவம்," என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை வந்தபோதே காதர் பாய், தன்னைவிட வயதில் இளையவளை 'சுசீலாக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருக்கான படிகளை அவளே வகுத்தாள். எந்த சீட்டில் உட்கார்ந்தாய் என்று மனைவியைக் கேட்காமல் இருப்பது. எலுமிச்சம்பழம் கொடுக்காமல் இருப்பது. அவள் பஸ் ஏறப் போகும்போது கடையிலேயே இருந்து பஞ்சர் ஒட்டுவது. உச்சிப்படி, அவள் ஊருக்குப் போய்த் திரும்பும்வரை யாரிடமும் விசாரிக்காமல் கடை நடத்துவது. ஒவ்வொரு படியிலும் வயிறு எரியும், எரிந்து அடங்கும்வரை இருக்க வேண்டும். தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். சில படிகளை எனக்கும் எடுத்துக்கொண்டேன், பலிக்கவில்லை.

எலுமிச்சம்பழம் நின்றதும் ஹபீபா மறுபடி ஏறினாள். கடைசிப் படி செங்கல்பட்டு பஸ் நிலையம். கோவளத்திலிருந்து தனியாக வந்து, அந்தக் கூட்டத்தில் இறங்கி, மதுராந்தகம் பஸ்ஸைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். தங்கைக்கு நாள் நெருங்கிவிட்டதால் இனி ஒத்திகைக்கு நேரமில்லை, போவது நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் என்று முடிவானது.

"நீங்களும் வரக்கூடாது டாக்டரம்மா. ஒருத்தரும் வரக்கூடாது," என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். ஆனாலும் அவள் கிளம்பிய அன்று காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். அவள் ஏறுவதை யாராவது பார்ப்பதென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம். நேரக்காப்பாளர் அறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கப் போனால், அங்கே ஏற்கெனவே ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். காதர் பாய்.

"இங்க என்ன பண்றீங்க? கடை?"

"நீங்க இன்னா பண்றீங்க டாக்டரம்மா?"

 முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். "யாரயாச்சும் பாக்கப் போறாளான்னு பாக்கத்தான் வந்தேன். வர்ற வழியில, அவளுக்கு மயக்கம் கியக்கம் வந்துட்டா இன்னா பண்றதுன்னு ஆயிப்போச்சு. இப்போ ரெண்டுமே கீது," என்றார்.

கோவளம் பஸ் வந்தது. ஹபீபா இறங்கினாள். கையில் ஒரு பை. கண்ணில் மை. நாலு அடி நடந்தவள் நின்றுவிட்டாள். பஸ்கள் உறும, கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. முகம் வெளுத்தது. தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பூ விற்கும் அம்மா ஒருத்தி, "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று குனிந்தாள்.

காதர் பாய் பாய்ந்துவிட்டார். அவர் மணிக்கட்டை இழுத்துப் பிடித்தேன்.

"வுடுங்க டாக்டரம்மா! அவ செத்துருவா!"

"சாகமாட்டாங்க. இந்தப் பயத்துல யாரும் செத்ததில்ல."

சொல்லிவிட்டேனே தவிர, ஓட வேண்டும் என்று என் கால்களும் துடித்தன. அவளைத் தூக்குவதானால் நான்தான் தூக்க வேண்டும், இவர் அல்ல. அவருக்கும் அதே எண்ணம்தான். யார் ஓடிப் போயிருந்தாலும் அவள் எழுந்திருப்பாள், பஸ்ஸும் ஏறியிருப்பாள். ஆனால் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்பது வேறொருவர் தூக்கிவிட்ட ஹபீபாவாக இருந்திருக்கும். அது நடக்கக்கூடாது என்றுதான் நாங்கள் அந்தச் சுவர் ஓரத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் நகம் என் தோலில் பதிந்தது. "மதுராந்தகம், மதுராந்தகம், ஏறு, ஏறு," என்று கண்டக்டர் கூவ ஆரம்பித்துவிட்டார்.

ஹபீபா பூக்காரம்மா நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பிறகு மெல்ல அடங்கின. துப்பட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு நேரே நடந்து மதுராந்தகம் பஸ்ஸின் முன்படியில் ஏறினாள். ஏறும்போதும் திரும்பவில்லை.

காதர் பாய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "போயிட்டா," என்றார்.

பஸ் வளைந்து எங்களைத் தாண்டியபோது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. "பாய், பாருங்க," என்று அவரைத் திருப்பினேன். ஹபீபா நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது பார்த்தாள், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோபமில்லை, சிரிப்புமில்லை. இத்தனை வருடமாகப் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து அவர் காட்டியது போலவே, ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்கிக் காட்டினாள். நான் இருக்கேன், பயப்படாதே என்பது போல. காதர் பாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற என்னை அவள் பார்க்கவில்லை.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம், அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். இதை காதர் பாய் வந்து சொன்னார், சுசீலாவிடம். தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வஞ்சிரக் கருவாடு கொண்டுவந்திருந்தார், அதுவும் அவளுக்குத்தான். போகிற போக்கில் என் பக்கம் எட்டிப் பார்த்து, "வர்றேன் டாக்டரம்மா," என்று ஒரு கும்பிடு போட்டார். சுசீலா அந்தக் கருவாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தாள். கொடுக்கத்தான் செய்வாள், அவள் அப்படிப்பட்டவள்.

உங்களுக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சுசீலா வருவாள். எரியும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள், அங்கேயும் அதுவே எரிந்துகொண்டிருக்கலாம். பெருந்தன்மையை எல்லாம் நான் உங்களிடம் கேட்கவில்லை, எனக்கே அது வந்ததில்லை. யானை, கருவாடு, அக்கா என்ற பெயர், எல்லாம் அவளுக்குத்தான் போயிற்று. ஆனால் அந்தப் பஸ் ஜன்னலில் ஹபீபாவின் கை மேலே போனதை சுசீலா பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.